பாதியாய்ச் சுண்டிய தண்ணீர்

அடுப்பிலிருந்த பானையைத் துணியால் பிடித்து இறக்கிய மருமகள், அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் வாசல் சாக்கடையில் கொட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"கொட்டிட்டியா... விடிஞ்சதுலேர்ந்து பேத்திங்களுக்காகக் காய்ச்சின தண்ணிடி அது. பாதியாச் சுண்டுற வரைக்கும் அடுப்புக்கிட்டயே நின்னேனே."

"என் பிள்ளைங்க இனிமே போர் தண்ணி குடிக்க மாட்டாங்க, அத்தை."

தையல் கடைக்குப் போய் வருகிற அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பதினைந்து நாளாகத்தான் இந்தப் பிடிவாதம். விடிகாலையில் இரண்டு கேன்களோடு மூன்று தெரு தாண்டி, ஆற்றுத் தண்ணீர்க் குழாய்க்குப் போய் வருகிறாள். வீட்டிலிருக்கும் ஆழ்துளைக் கிணறோ மாமனார் போட்டது. அவர் போன பிறகும் தெருவே அதைத்தான் குடிக்கிறது. அந்த வீட்டு மருமகளே வெளியிலிருந்து தண்ணீர் தூக்கினால் தெரு பேசாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பெரிய மகளுக்கு எட்டு வயது. புதிதாய் முளைத்த முன்பற்களில் பழுப்புக் கறை. 'ஒழுங்காப் பல்லு தேய்ச்சாத்தானே' என்று பாட்டி திட்டித் திட்டி, குழந்தை வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கப் பழகிவிட்டாள். பல் டாக்டர்தான் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அதில் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடு உப்பு அளவுக்கு மீறி இருந்தது. மருமகள் சொன்னபோது, காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள் மாமியார். பெரியவளுக்கு விழுந்த கறை விழுந்ததுதான். சின்னவளுக்கு ஒன்றரை வயது. அவளுக்குப் பல்லும் எலும்பும் இனிமேல்தான் உறுதிப்பட வேண்டும்.

மெக்கானிக் கணவன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான்.

"அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு. காய்ச்சின தண்ணி என்ன பண்ணிடும்?"

"கேக்க மாட்டேன்."

"அப்போ இந்த வீட்டுல இருக்காதே."

"சரி, போறேன். ரெண்டு பொண்ணுங்களும் என்கூடத்தான் வருவாங்க. அந்தத் தண்ணி அவங்க தொண்டையில இறங்க விடமாட்டேன்."

பையை எடுத்து அவள் குழந்தைகளின் துணிகளைத் திணித்தாள். அவன் பிடுங்கினான். பையின் அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. பிரித்துப் படித்தான், தண்ணீர்ச் சோதனை முடிவு. சோதனைக்கு அவள் கொடுத்தது இரண்டு பாட்டில்கள். ஒன்று வீட்டு போர் தண்ணீர், இன்னொன்று அம்மா காய்ச்சிய பானைத் தண்ணீர். இரண்டாவதில் ஃபுளோரைடு ஏறக்குறைய இரு மடங்கு.

"காய்ச்சினதுலதான் கூடவா?"

"தண்ணிதான் ஆவியாப் போகும். அது போகாது. சுண்டச் சுண்ட ஏறும்."

"இதை ஏன் சொல்லலை?"

அவள் கண் கலங்கியது. "எப்படிச் சொல்றது? பேத்திங்க மேல உசிரையே வச்சுக் காய்ச்சினவங்க... தாங்குவாங்களா? திமிர் பிடிச்சவன்னு என்னையே திட்டிட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மாமியார் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெரியவளை அருகே இழுத்து, வாயை மூடியிருந்த கையை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உன்னைத் திட்டினேனேடி, கண்ணு... தப்பு உன் மேல இல்லடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் நேரே போய் ஒரு கேனைக் கையில் எடுத்தாள்.

"உங்களால முடியாது, அத்தை."

"முடிஞ்ச மட்டும் தூக்குறேன். போற வழியில வீட்டுக்கு வீடு நானே சொல்றேன். என் புருஷன் போட்ட கிணறு, நான் சொன்னா நம்புவாங்க." வாசற்படியில் நின்று மகனைத் திரும்பிப் பார்த்தாள். "குளிக்க, துவைக்க மட்டும்னு நம்ம போர் குழாய் மேல எழுதி வை. அதுக்கு முன்னாடி அவகிட்ட மன்னிப்புக் கேளு. நானும் வழியில அவகிட்ட கேட்டுக்கிறேன்."