தன்னையே காட்டிய பெட்டி

பெட்டிக்குள் வெனிலா இல்லை. சொப்பிங் பேக்கில் இறுகக் கட்டிய மணல் இருந்தது.

காலை பத்து மணி. உக்குவளையில் ஸக்கரியா ஹாஜியாரின் வெனிலா அறைக்குள் நான்கு பேர் அடைபட்டிருந்தார்கள். ஹாஜியார், அவருடைய மருமகன் ஹுஸ்னி, அறைக்குப் பொறுப்பான ஹிதாயா, கதவுக்கு மென்பொருள் எழுதிய சிவநந்தினி.

"கதவு திறந்ததும் நேரா பொலிஸ்தான்," என்றார் ஹாஜியார். அவர் பார்வை ஹிதாயாவை விட்டு அகலவில்லை.

"அல்லாஹ் மேல ஆணையா நான் எடுக்கல்ல ஹாஜியார்."

சிவநந்தினிக்கு மூடிய இடம் என்றாலே ஆகாது. தகரம் அடித்த சுவர், ஃபோனில் சிக்னல் இல்லை, வெனிலா வாசமோ தொண்டையை அடைத்தது. தான் எழுதிய புரோகிராமே தன்னைப் பூட்டிவைத்ததை நினைக்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த அறையின் சட்டம் ஒன்றுதான். உள்ளே வரத் தடையில்லை; வெளியே போவதென்றால், பெட்டிகளை எல்லாம் நிறுத்துப் பார்த்த பிறகே கதவு திறக்கும். நிறுப்பது அவள் எழுதிய இட்டரேட்டர் என்ற புரோகிராம். அது பெட்டி பெட்டியாகப் போகும். போய் நிற்கிற பெட்டியில் விளக்கு எரியும். முழு வரிசையும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு அடுத்தது எது என்று மட்டும் சொல்லும். அப்படிச் சொல்வதுதான் லிங்க்; இப்படிக் கோத்ததை லிங்க்ட் லிஸ்ட் என்பார்கள். 'எனக்கு அடுத்து யாருமில்லை' என்று ஒரு பெட்டி சொன்னால் கதவு திறந்துவிடும்.

இன்று விளக்கு பாதி வழியில் ஒரே பெட்டியில் அணைந்து அணைந்து எரிந்தது. சந்தேகப்பட்டு அதைத் திறந்தபோதுதான் மணல் கிடைத்தது. சிவநந்தினி டெப்லெட்டில் பார்த்தாள். அடுத்தது எது என்று கேட்டால் அந்தப் பெட்டி தன்னையே காட்டியது. இட்டரேட்டர் யுகம் யுகமாகக் கேட்டாலும் அதே பதில்தான்.

"அந்த லிங்கை மாத்தி கதவத் திறங்க மிஸ்," என்றார் ஹுஸ்னி. "மத்தத வெளிய போய்ப் பேசலாம்."

மாற்றலாம். ஒரு நொடி வேலை. மாற்றினால் தடயமும் போய்விடும், பழியோடு ஹிதாயாவும் பொலிஸுக்குப் போய்விடுவாள். சிவநந்தினி டெப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்து சாயந்தரம் கதவு ஒழுங்கா திறந்துச்சா?"

"திறந்துச்சு," என்றாள் ஹிதாயா.

"அப்ப லிங்க் கெட்டது இன்னைக்கு. நானும் ஹாஜியாரும் வர்றதுக்கு முன்னாடி உள்ள யாரு இருந்தா?"

"நானும் ஹுஸ்னி சேரும். சேர் நேத்தும் இன்னைக்கும் டெப்லெட்டு வேணும்னு கேட்டாங்க. குடுத்தேன்."

"ஸ்டொக் பார்க்க," என்றார் ஹுஸ்னி.

"சரி. கழுவப் போன பெட்டிய வரிசையில திரும்ப எப்பிடிச் சேர்ப்பீங்க? ரெண்டு பேரும் சொல்லுங்க."

ஹிதாயா யோசிக்கவேயில்லை. "புதுசா சேர்க்கிற பெட்டிக்கு அடுத்தது எதுன்னு முதல்ல குடுப்பேன். அதுக்குப் பொறகுதான் முன்பெட்டிய புதுசுக்குத் திருப்புவேன். ஒரு தரம் மாத்திச் செஞ்சு உள்ளுக்கே மாட்டிக்கிட்டேன். நீங்கதானே வந்து திறந்தீங்க. அதோட புத்தி வந்துட்டு."

ஹுஸ்னி சிரித்தார். "எல்லாம் ஒண்டுதானே. முன்பெட்டிய புதுசுக்குத் திருப்பணும். பொறகு முன்பெட்டியில அடுத்தது என்னண்டு பார்த்து, அதப் புதுசுக்குக் குடுக்கணும். இவங்க செய்றத எத்தன நாள் பார்த்திருக்கேன்."

"பார்த்திருக்கீங்க. செஞ்சதில்ல," என்றாள் சிவநந்தினி.

அவள் எழுந்து பெட்டியருகே போனாள்.

"முன்பெட்டிய முதல்லயே புதுசுக்குத் திருப்பிட்டா, பிறகு அதுல அடுத்ததா இருக்கிறது எது? புதுப் பெட்டியேதான். அத எடுத்துப் புதுசுக்குக் குடுத்தா, பெட்டி தன்னையே பிடிச்சிக்கும். இந்தப் பெட்டி அப்பிடித்தான் நிக்குது. நேத்து வெனிலாவ எடுத்தீங்க, மணல் கையில இல்ல. வெறும் பெட்டி நிறையில மாட்டும். அதனால வரிசையில இருந்து கழட்டினீங்க. கழட்ட ஒரே திருப்பு போதும், பிழைக்காது. இட்டரேட்டர் பெட்டியத் தாண்டிப் போச்சு, கதவும் திறந்துச்சு. இன்னைக்கு மணலப் போட்டுத் திரும்பச் சேர்க்கிறப்பதான் முறை மாறிப்போச்சு."

சிவநந்தினி ஹாஜியார் பக்கம் திரும்பினாள். "உள்ள மாட்டி அடிபட்டவங்க அந்தத் தப்ப இன்னொரு தரம் செய்யமாட்டாங்க ஹாஜியார்."

ஹாஜியாரின் பார்வை ஹிதாயாவை விட்டு மருமகன் மேல் போனது. "சாமான் எங்க மகன்?"

ஹுஸ்னியின் சிரிப்பு போயிருந்தது. "கார்ல, மாமா."

"நிஷ்மியாட மொகத்தில நான் எப்பிடி முழிக்கிற?" ஹாஜியார் கவிழ்ந்த பெட்டியொன்றில் உட்கார்ந்துவிட்டார். நிஷ்மியா அவருடைய மகள், ஹுஸ்னியின் மனைவி. சிவநந்தினிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அவள் லிங்கை அடுத்த பெட்டிக்குத் திருப்பினாள். விளக்கு நகர்ந்தது. ஒவ்வொன்றாக எரிந்து கடைசிப் பெட்டிவரை போய் அணைந்தது. கதவு திறந்து, வெளிக்காற்று உள்ளே வந்தது.

ஹிதாயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். அவள் பின்னால் சிவநந்தினி. கையைப் பிடித்து எழுப்பப் போன ஹுஸ்னியை ஹாஜியார் தள்ளிவிட்டுத் தனியே எழுந்து நடந்தார்.

கதவு அகலத் திறந்தே கிடந்தது. ஹுஸ்னி மட்டும் உள்ளேயே நின்றார்.