காக்கைக்கு முந்திய கண்

“உங்க தம்பியையும் கேமரா முன்னாடி உக்கார வைங்க மேடம்.”

முதலாளி வீட்டு ஆட்களைக் கேள்வி கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே மணிமொழிக்குச் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

காலை பத்தரை மணி. தேனாம்பேட்டையில், குழந்தைகளுக்கு இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் நிறுவனம். மணிமொழி கதை எழுதி, சிந்து அசையும் படம் வரைந்த பின்னக் கணக்குப் பாடம் இன்னும் வெளிவரவில்லை. ஆனால் அதே கதை, வேறு படங்களோடு, போட்டி நிறுவனத்தின் செயலியில் நேற்றே வந்துவிட்டது. திருடியது மணிமொழிதான் என்று காலையில் அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் போயிருந்தது. பட்டினப்பாக்கத்து மீன்காரி மகள், வீட்டிலேயே முதல் பட்டதாரி. வேறு ஆதாரம் யாருக்கும் தேவைப்படவில்லை. இந்தப் பெயரோடு வெளியே போனால் இன்னொரு நிறுவனம் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

முதலாளி ஸ்வர்ணலதா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு வாய் ஜாஸ்தி.”

“வெள்ளிக்கிழம சிந்து கெளம்பினதுக்கு அப்புறம் அவ கம்ப்யூட்டர்லேர்ந்துதான் பாடம் படத்தோட போயிருக்கு. அப்ப ஆபீஸ்ல இருந்தது மூணே பேரு. நானு, சுப்பராமன் சாரு, உங்க தம்பி. அவங்க ரெண்டு பேரும் நம்ம படத்தப் பாத்ததே இல்லன்றாங்க. இப்ப பாக்கட்டும்.”

தம்பி ஆனந்தகுமார் விற்பனைத் தலைவர். சிரித்தார். “பார்த்தாப் போச்சு. எனக்கென்னக்கா பயம்?”

பாடங்களைச் சரிபார்க்கும் சுப்பராமன் மயிலாப்பூர்க்காரர்; இந்தப் பாடம் இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை. “பின்னத்துக்கு எதுக்குக் கதை, பொம்மை எல்லாம்? போர்டுல போட்டா ஏறாதா?” என்று முனகிக்கொண்டே முதலில் உட்கார்ந்தார்.

திரைக்கு மேலே சின்னக் கேமரா. பாடம் பார்க்கும் குழந்தையின் கண் எந்த நொடியில் எங்கே போகிறது என்று பதிவு செய்வது அதன் வேலை. சிந்து படத்தை ஓடவிட்டாள். மீன்காரி தேவானை கூடை மீனை எட்டுப் பங்காகப் பிரித்தாள். சுப்பராமன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“ஒரு பங்கு திருட்டுப் போகப்போறது பாருங்கோ! மீதி எத்தனைன்னு கேப்பா!”

“அக்கா, கேட்டியா? பார்க்காம எப்படித் தெரியும்?” என்றார் ஆனந்தகுமார்.

அடுத்து அவர் உட்கார்ந்தார். சிலை மாதிரி இருந்தார். மேல் மூலையிலிருந்து காக்கை பாய்ந்து மீனைக் கொத்தியதும் புருவத்தை உயர்த்தினார். “அட!”

சிந்து இரண்டு பதிவுகளையும் அருகருகே போட்டாள். திரையில் ஊரும் சிவப்புப் புள்ளிதான் கண். காக்கை வருவதற்குச் சற்று முன்பு மணிமொழி இரண்டையும் நிறுத்தினாள்.

“கதைய யாரும் யூகிக்கலாம் மேடம். அடுத்து இன்னா, அடுத்து இன்னான்னு மூளை ஓடிக்கினே இருக்கும். அதுக்குதான் கதையே வெக்கிறோம். அந்தக் கம்பெனிக்காரன்கிட்டயும் இதே கதைதான் கீது. ஆனா படத்த அவன் மாத்திட்டான். அதுல காக்காவே இல்ல. காக்கா எந்த மூலைலேர்ந்து வரும்னு நம்ம படத்தப் பாத்தவங்களுக்குதான் தெரியும்.”

சுப்பராமனின் புள்ளி கூடைமேல் இருந்தது. ஆனந்தகுமாரின் புள்ளி வெறும் மூலையில், வராத காக்கைக்காகக் காத்திருந்தது.

“தற்செயல்” என்றார் அவர்.

“படத்துல அப்புறம் அந்தாண்ட குடை விரியுது, அதுக்கும் உங்க கண்ணு முன்னாடியே போச்சு. பூனை வர்ற எடத்துலயும் அதே. ரெண்டாவது தடவ பாக்குற பசங்க கண்ணு இப்டிதான் முன்னாடியே போய் நிக்கும். புருவத்த நடிக்க வெக்கலாம் சார். கண்ணு உங்க பேச்சக் கேக்காது.”

“ஒரே ஒரு தடவை பார்த்ததெல்லாம் கண்ணுல நிக்குமா?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று ஆனந்தகுமாருக்கு உறைத்தது.

“எப்போடா பார்த்தே?” என்றார் ஸ்வர்ணலதா.

“அங்கே பங்குதாரராச் சேர்த்துக்கறேன்னாங்கக்கா...”

ஸ்வர்ணலதா எழுந்து கதவைச் சாத்தினார். “மணிமொழி, இது வீட்டு விஷயம். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

“அந்த மெயிலு?”

“நாலு நாள்ல மறந்துடுவாங்க.”

“என்னத் திருடின்னு எல்லாருக்கும் போட்டீங்க இல்ல? இவரு பேரையும் எல்லாருக்கும் போடுங்க.”

“நடக்காது.”

“தெரியும் மேடம்.” பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “சிந்து, அந்தப் பதிவ எனக்கு அனுப்பு.”

“அப்பவே அனுப்பிட்டேண்டி.”

“எங்கே போறே?” என்றார் ஸ்வர்ணலதா.

“போலீஸ் ஸ்டேஷனுக்கு. காலைல அந்த மெயிலப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன். யாரு பேரச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தது.”

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள்.