சிவப்பு நூல் கட்டிய கோழி

கோழிகளுக்குப் பேசத் தெரிந்திருந்தால், ராகேலுக்கு அந்தக் கவலை வந்தே இருக்காது. என்ன செய்வது? அவை ‘கொக்... கொக்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

ராகேலுக்குப் பத்து வயது. கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பாவும் அஞ்சுகிராமத்துக்கு அருகில் வாழ்ந்த யேசுரத்தினமும் ஒரு காலத்தில் இலங்கையில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்து பாடம் நடத்தியவர்கள். அந்தப் பழைய நண்பரைப் பார்ப்பதற்காக, 1933ஆம் ஆண்டு, அப்பா அவளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி வந்திருந்தார்.

மூன்று வாரங்கள் ஓடியதே தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் புறப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். யேசுரத்தினத்தின் மனைவி ஞானபாய் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்கு உங்களுக்கு விருந்து. ஒரு கோழியை அடிச்சு, தேங்காய் வறுத்தரைச்சு குழம்பு வைக்கப்போறேன்.”

“அம்மா, நூல் கெட்டின கோழியைப் புடிச்சுராதீங்க!” என்றாள் மகள் தேவகனி. அவளுக்கும் ராகேலின் வயதுதான்.

“அதை எப்படிட்டி புடிப்பேன்? அது தம்பிக்கு நேர்ந்த கோழில்லா!”

ராகேலின் கை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது.

“நேர்ந்த கோழி எண்டால் என்ன, மாமி?”

ஞானபாய் பக்கத்தில் இருந்த நான்கு வயது மகன் ஜெயசிங்கின் தலையைத் தடவினாள்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னே இவனுக்குப் பதினோரு நாள் காய்ச்சல், மக்கா. கண்ணே தொறக்கல்ல. பிள்ளை எழும்பி நடந்தா ஒரு கோழி தாறேன்னு ஆண்டவர்கிட்ட சொன்னேன். நேத்து காலையில இவன் கையை அதோட தலையில வச்சு ஜெபம் பண்ணி, காலில சிவப்பு நூல் கெட்டிவிட்டேன். ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை, வெளைச்சலுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லுற நாள். அன்னைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோகணும்.”

ராகேலின் இடக்கை பாவாடைப் பையைத் தொட்டது. அந்தச் சிவப்பு நூல் அதற்குள்தான் இருந்தது!

முந்தின நாள் ஒரு கோழி நூலைக் கொத்திக் கொத்தி இழுத்து, நொண்டி நொண்டி நடந்தது. யாரோ விளையாட்டாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, பாவம் பார்த்து அவள்தான் அவிழ்த்துவிட்டாள். கோழியும் ஓடிப்போய் மற்ற இரண்டோடு சேர்ந்துகொண்டது. மூன்றும் ஒரே அடையில் பொரித்தவை. ஒரே தவிட்டு நிறம், ஒரே அளவு, ஒரே குரல்.

நாளைக்குச் சட்டியில் வேகப்போவது எந்தக் கோழி? அது ஜெயசிங்கின் கோழியாக இருந்துவிட்டால்?

சாப்பிட்டு முடித்ததும் ராகேல் ஜெயசிங்கைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனாள். அவன் கையில் ஒரு தட்டுச் சோற்றைக் கொடுத்தாள். நேர்ந்த கோழி அவனைத் தேடி வரும் என்பது அவளுடைய நம்பிக்கை.

வந்தது. மற்ற இரண்டும் கூடவே வந்தன. பக்கத்து வீட்டுச் சேவலும் வந்தது. தட்டு காலியாயிற்று.

“தம்பி, இதிலே எது உன்ரை கோழி?”

ஜெயசிங் நன்றாக யோசித்தான். “எல்லாம் என் கோழி!” என்றான். சேவலையும் சேர்த்துத்தான் கைகாட்டினான்.

மாலையில் கோழிகள் கூடு திரும்பின. ராகேல் அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. கைக்கு அகப்பட்ட ஒரு கோழியைப் பிடித்து, அதன் காலில் நூலைக் கட்டிவிட்டாள். இனி ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் அவளுக்குத் தெரியுமே! கட்டியது மூன்றில் ஒன்றின் காலில். அது சரியான கோழியா, யார் சொல்வது? மூன்று கோழிகளும் கூட்டுக்குள்ளிருந்து, வழக்கு விசாரிக்கும் நீதிபதிகளைப்போல அவளைத் தலை சாய்த்துப் பார்த்தன.

சனிக்கிழமை காலையில் யேசுரத்தினம் கூட்டைத் திறந்தார். நூல் கட்டிய கோழியை விலக்கிவிட்டு, அடுத்ததைப் பிடித்தார். அது சிறகடித்துக் கத்தியது. ஞானபாய் கத்தியைக் கழுவி எடுத்து வந்தாள்.

“வேண்டாம், மாமா! விடுங்கோ!”

ராகேல் ஓடி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மக்கா, பயந்துட்டியா?”

“இல்லை மாமா. அது தம்பியின்ரை கோழியாக இருக்கலாம்.” அவளுக்கு அழுகை முட்டியது. “கால் நோகுது எண்டு நான்தான் நூலை அவிழ்த்தனான். நேற்றுப் பின்னேரம் ஏதோ ஒன்றுக்குக் கட்டினனான். எது எண்டு எனக்குத் தெரியாது.”

ராகேலின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஞானபாயின் முகம் வெளுத்துப்போயிற்று.

“பிள்ளையோட உயிருக்கு நேர்ந்ததில்லா...” என்று முணுமுணுத்தாள். “கையில தீனி போட்டு வளத்த எனக்கே மூணும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. இப்போ என்ன செய்வேன்?”

ராகேல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரவெல்லாம் அவள் யோசித்தது வீண்போகவில்லை.

“மாமி, மூன்றிலே ஒன்று தம்பியின்ரை கோழி. ஒன்றையும் வெட்டாமல் விட்டால் அது பிழைக்கும்தானே? நாளைக்கு மூன்றையும் கோயிலுக்குக் கொண்டுபோவோம். தம்பிக்காகத்தானே நேர்ந்தது? தம்பியே ஒன்றை எடுத்துக் கொடுக்கட்டும். முதல் நாள் அவன் கை வைத்ததுதானே நேர்ந்த கோழி? நாளைக்கு அவன் கை வைக்கிறதும் அப்படித்தானே!”

ஞானபாய் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லத் தலையசைத்தாள்.

“அதுவும் சரிதான். அப்போ விருந்துக்கு என்ன வைப்பேன், மக்கா?”

“மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். எனக்கு அதுதான் விருப்பம்.”

“கோழி பொழச்சுது, மீனு மாட்டுச்சு!” என்றாள் தேவகனி. யேசுரத்தினம் சிரித்துக்கொண்டே பிடியை விட்டார். கோழி திரும்பிப் பாராமல் ஓடியது. ஞானபாய் மற்றக் கோழியின் காலிலிருந்த நூலை அவிழ்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் நிறைய அறுவடைக் காணிக்கைகள்: வாழைக்குலைகள், பூசணிக்காய்கள், தேங்காய்கள், புது நெல். ஜெயசிங்கின் முறை வந்ததும் யேசுரத்தினம் மூன்று கோழிகளும் இருந்த ஓலைக் கடவப் பெட்டியைத் திறந்தார். ஜெயசிங் உள்ளே கைவிட்டு, ஒரு கோழியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

போதகர் கையை நீட்டினார்.

“தரமாட்டேன்!” என்றான் ஜெயசிங். கோயில் முழுவதும் சிரித்தது. ஞானபாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நேர்ந்தது நிறைவேறாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

ராகேல் எழுந்துபோய் அவன் காதில் சொன்னாள்: “இதைக் கொடுத்தால் மற்ற இரண்டும் உன்னோடு வீட்டுக்கு வரும், தம்பி. கொடுக்காவிட்டால் மூன்றும் இங்கேயே நிற்கும்.”

ஜெயசிங் கடவத்தைப் பார்த்தான். கோழியைப் பார்த்தான். மனத்துக்குள் கணக்குப் போட்டான். பிறகு, “இந்தா!” என்று போதகரிடம் நீட்டினான். கோழி ‘கொக்’ என்றது. ஞானபாய் கண்களை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவை நனைந்திருந்தன. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, ஞானபாய் தன் முந்தானை முடிச்சிலிருந்து அந்தச் சிவப்பு நூலை எடுத்தாள். ராகேலின் தகரப் பெட்டியின் பிடியில் அதை இறுக்கிக் கட்டினாள்.

“கப்பலில எல்லாப் பெட்டியும் ஒண்ணுபோல இருக்கும். அடையாளம் வேண்டாமா?” என்றாள். “வழியில பாவம்னு இதை அவுத்துராதே, மக்கா!”

“அவிழ்க்க மாட்டேன், மாமி,” என்றாள் ராகேல், மூன்று நாளுக்குப் பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தபடி. “பெட்டிக்குக் கால் நோகாது!”