வெஸ்லிக்கு வாய்த்த அண்ணன்

சமையலறை மேசையில் உட்கார்ந்து, மகன் நாளைக் காலை கோர்ட்டில் சொல்லவேண்டிய ஆறு வரிகளை எட்டாவது தடவையாக லாயிட் ஹாஃப்னர் படித்துக்கொண்டிருந்தபோது, நிலவறையிலிருந்து வந்துகொண்டிருந்த குறட்டை நடுவில் நின்றது. மறுபடி தொடங்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

ஜனவரி மாதம், மாலை மணி நாலரை. வெளியே பனி கொட்டி இருட்டிவிட்டது. இருபத்தாறு வருடமாகப் பென்சில்வேனியாக்காரர்களின் வீட்டைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்க்கிறவர் லாயிட். எந்த வீட்டிலும் சுவருக்குள் ஓடுகிற காற்றையும் குழாய்க்குள் சொடுக்குகிற வெந்நீரையும் காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் இந்தக் குறட்டையின் அடியில் ஏதோ ஈரமாக இழுபட்டது, அடைத்த குழாயில் காற்றும் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளுவது மாதிரி. கூடவே படிக்கட்டு வழியாக லேசாகப் புளித்த விஸ்கி வாடை ஏறி வந்தது. இந்த வீட்டில் மூன்று மாதமாக ஒரு சொட்டு மது கிடையாது.

மகன் ட்ரெவர்தான் தூங்குகிறான், தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஜாமீனில் வந்த நாளிலிருந்து அவன் மாடியில் தன் அறைக்கே போவதில்லை. கீழே பழைய சோபாவில்தான் படுக்கை.

வக்கீல் எழுதிக்கொடுத்த ஆறு வரிகளிலும் குறட்டைதான் முக்கியம். 'நள்ளிரவில் வெஸ்லியைப் போய்ப் பார்த்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதனால் நன்றாகத் தூங்குகிறான் என்றே நம்பினேன்.' இருபது வயதுப் பையன் டாக்டரா என்ன, ஜூரி புரிந்துகொள்ளும் என்றார் வக்கீல்.

ட்ரெவர் இருந்த கல்லூரிச் சங்கத்தில் ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பையனுக்கும் ஓர் அண்ணனை நியமிப்பார்கள். அண்ணன் தன் கையால் ஒரு முழு விஸ்கி பாட்டிலைக் கொடுப்பான். தம்பி அன்றைக்கே அதைக் காலி செய்யவேண்டும். மயங்கி விழுந்தால் அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாடப் புத்தகங்களை அடைத்த முதுகுப்பையை மாட்டி, வாரை மார்போடு இறுக்கி, குப்புறப் படுக்கவைப்பார்கள். புரண்டு மல்லாந்தால்தானே வாந்தி மூச்சை அடைக்கும், பை புரளவிடாது என்று கணக்கு. மெத்தப் படித்தவர்களின் வைத்தியம்! அப்படிப் படுத்து விடியுமுன் செத்துப்போன வெஸ்லிக்குப் பதினெட்டு வயது. அவனுக்கு வாய்த்த அண்ணன் ட்ரெவர்.

அந்த ஆறு வரிகளில் இல்லாத ஒன்று லாயிட்டுக்குத் தெரியும். போலீஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மகனுடைய ஃபோனில் நாற்பது விநாடிப் படம் ஒன்றைப் பார்த்தார். சோபாவில் வெஸ்லி, உதடெல்லாம் நீலம். யாரோ ஒருவன், "டேய், ஆம்புலன்ஸ கூப்பிடுங்கடா," என்று அழாத குறையாகக் கெஞ்சுகிறான். சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறது ட்ரெவரின் குரல். "போடா பயந்தாங்கொள்ளி. வண்டி வந்தா சங்கத்தையே மூடிருவாங்க. குறட்டை விடறவன் எங்கயாவது சாவானா?" கடைசியில், தரையில் கிடக்கிறவர்களைத் தாண்டித் தாண்டி எல்லோரும் வெளியேறுகிறார்கள்; ஒரு கை விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துகிறது.

லாயிட் அதை அழித்தார். பெற்ற மனம் பித்து என்பார்கள். அது எவ்வளவு நிதானமாக வேலை செய்யும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். ஃபோனில் என்ன இருந்தது என்று மனைவி மார்னி ஒரே ஒரு தடவை கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கராஜ் கதவு உயரும் சத்தம் கேட்டது. பூட்ஸை உதறிக்கொண்டு உள்ளே வந்தான் ட்ரெவர். ஜூரிக்காக ஒட்ட வெட்டிய தலையில் பனித்துகள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? முடி அவ்ளோ கேவலமாவா இருக்கு?"

"நீ... கீழ தூங்கலயா?"

"சலூன்ல ஒரே கூட்டம். மூணு மணிக்கே போனேனே."

குறட்டை அவர்கள் இருவருக்கும் நடுவே ஏறி வந்தது. மகன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. ஆனால் அவன் திடுக்கிடவில்லை.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றான். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

"எத்தன நாளா?"

"வந்த நாள்லேர்ந்து. நான் பக்கத்துல உக்காந்திருந்தா நிக்காம வருதுப்பா. அதான் கீழயே படுக்கறேன். இன்னிக்கு விட்டுட்டுப் போயிட்டேன்." நிலவறைப் படிகளைப் பார்த்தான். "நாளைக்கு அந்த ஆறு வரிய சொல்ல மாட்டேன்பா. ஆம்புலன்ஸ கூப்பிடுங்கன்னு ஒருத்தன் கெஞ்சினதையும், நான் சிரிச்சதையும் சொல்லிடறேன்."

"கிறுக்கா உனக்கு? ஏழு வருஷம் உள்ள போவே. படத்த அழிச்சதுக்கு என்னையும் சேத்துத் தூக்குவாங்க."

"போவோம்பா."

கீழே மூச்சு நின்றது. இருவரும் காத்திருந்தார்கள். உலை அணைந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் அடங்கியது.

"அப்பா, ஆம்புலன்ஸ கூப்பிடறேன்."

"யாருக்குடா கூப்பிடுவே? என்னன்னு சொல்லுவே?" லாயிட்டின் குரல் கிறீச்சிட்டது. "போலீஸும் கூடவே வரும். விடிஞ்சா கோர்ட்டு. யாரையும் கூப்பிட வேணாம், சொல்லிட்டேன்!"

சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கே உடம்பு கூசியது. ட்ரெவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமில்லை. பரிதாபப்பட்டுப் பார்த்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கிப் போனான்.

சற்றுக் கழித்துக் குறட்டை திரும்பியது. சீராக வந்தது. லாயிட்டுக்கு உயிர் வந்தது. நாற்காலியில் சாய்ந்து காகிதத்தை மறுபடி கையில் எடுத்தார். முதல் வரி. இரண்டாம் வரி. குறட்டையின் நுனியில் மெல்லிய விசில் ஒன்று இழைவதை மூன்றாம் வரியில்தான் கவனித்தார்.

ஒன்பது வயதில் பேஸ்பால் பந்து பட்டு ட்ரெவருக்கு மூக்குத்தண்டு உடைந்தது. அன்றிலிருந்து தூக்கத்தில் அவன் மூக்கு இப்படித்தான் விசிலடிக்கும்.

"ட்ரெவர்?"

விசில். ஈரமான இழுப்பு. இடைவெளி.

"டேய், ட்ரெவ்!"

நீண்ட இடைவெளி.

படிகளில் இறங்கினார். பாதி வழியை விழுந்தே கடந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோபாவில் குப்புறக் கிடந்தான் ட்ரெவர். கோட்டின்மேல் ஒரு பச்சை முதுகுப்பை. வார் மார்போடு இறுக்கியிருந்தது. அந்த வீட்டுப் பை இல்லை அது. வாரில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. அட்டையில் வெஸ்லி வழக்கின் எண். கோர்ட்டின் சான்றுப்பொருள் அறையில் பூட்டிக் கிடக்கவேண்டிய பை.

கொக்கியை இழுத்தார். வரவில்லை. இருபத்தாறு வருடம் இரும்பைத் திருகிய விரல்கள். வரவில்லை. பையைப் பிடித்துப் புரட்டப் பார்த்தார். உள்ளே புத்தகங்கள் இல்லை. ஓர் ஆளின் கனம் இருந்தது.

மகனின் உதடு நீலம்.

ஃபோன். ஒன்பது. ஒன்று. ஒன்று.

"என் பையன்... மூச்சு வரமாட்டேங்குது. பர்ச் தெரு, பதினேழாம் நம்பர். சீக்கிரம் வாங்கம்மா!"

தட்டச்சுச் சத்தம். எடுத்த பெண் குழம்பினாள். "சார், லாயிட் ஹாஃப்னர்தானே? ஆறு நிமிஷம் முன்னாடி உங்க பையன் கூப்பிட்டாரே. வண்டி பாதி வழி வந்திருச்சு. அப்புறம் நீங்கதான் லைன்ல வந்து வேணாம்னுட்டீங்க."

"நானா? நான் பேசவே இல்லம்மா!"

"இதே குரல்தான் சார். விடிஞ்சா கோர்ட்டு, யாரும் வரவேணாம்னு கத்தினீங்க. வண்டிய வேற விபத்துக்கு அனுப்பிட்டோம். பனியா இருக்கு, அடுத்தது வர நாப்பது நிமிஷம் ஆகும். லைன்லயே இருங்க. உங்ககூட அங்க வேற யாரும் இருக்காங்களா? பின்னால நெறைய பேர் பேசற மாதிரி கேக்குதே."

லாயிட் மூச்சைப் பிடித்தார்.

தலைக்குமேல் சமையலறையில் காலடிகள். ஒன்றிரண்டு அல்ல. தோல் ஷூக்கள், இளம் கால்கள், ஒவ்வொன்றும் நடுவில் கிடக்கும் எதையோ மிதித்துவிடாமல் கவனமாகத் தாண்டித் தாண்டி வைத்த அடிகள். படியின் உச்சியில் வந்து கூடி நின்றன.

"கீழ வாங்க!" என்று கத்தினார். "யாராவது வந்து பிடிங்க! தயவுசெஞ்சு!"

யாரும் இறங்கவில்லை.

மேலிருந்து ஒரு கை நீண்டு விளக்கை அணைத்தது. பிறகு, தூங்குகிறவன் விழித்துக்கொள்ளக் கூடாது என்ற கரிசனத்தோடு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.