தட்டேந்தி நின்ற பிள்ளை

சீசன் தொடங்கிய ஏப்ரல் மாதத்தில், கொடைக்கானல் ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த பங்களாவுக்குக் கித்தேரியம்மாள் வேலைக்கு வந்தாள். புருஷன் மரம் சாய்ந்து செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. கூடவே எட்டு வயது மகள் செல்வமேரி. மோட்டார் கார் மலையேறத் தொடங்கி அதிக வருஷம் ஆகாத காலம் அது.

பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானியைக் குறை சொல்ல முடியாது. அடித்ததில்லை, வைததில்லை. மிஞ்சிய ரொட்டியைக்கூட மூடிவைத்துத்தான் கொடுப்பாள். செல்வமேரியைச் சீமைக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைக்கிறேன் என்று அவள் சொன்னபோது, கித்தேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தில் பெருவிரலை அழுத்தினாள். தன்னைப் போல மகளும் ஊரான் வீட்டு எச்சில் தட்டைக் கழுவ வேண்டாம், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஹாலில் ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. நீலப்பட்டு உடுத்திய வெள்ளைக்காரச் சீமாட்டி. அவள் இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புப் பையன். சிவப்பு வெல்வெட் சட்டை போட்டு, பழத்தட்டை ஏந்தி, அவளையே அண்ணாந்து பார்த்தபடி நின்றான். கழுத்தில் அகலமாக ஒரு வெள்ளிப் பட்டை. நகை என்றுதான் கித்தேரி நினைத்தாள். தூசி துடைக்க ஏணியில் ஏறிய அன்றுதான் அதில் சின்னதாக ஒரு பூட்டு இருப்பதைக் கண்டாள்.

"யாருங்க இந்தப் புள்ள?"

பட்லர் அருளப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஆப்பிரிக்காவுல புடிச்சு, கப்பல்ல கொண்டாந்து வித்த புள்ளம்மா. துரைசானியோட முப்பாட்டி வாங்குனாங்களாம். அந்தக் காலத்துல பெரிய வீட்டு அம்மாமாரு படம் எழுதினா, பக்கத்துல ஒரு கறுப்புப் புள்ளய நிப்பாட்டுவாங்களாம். அப்பத்தான வெள்ளத் தோலு எடுப்பாத் தெரியும்?"

"பேரு என்னங்க?"

"அந்தம்மா பேரு படச் சட்டத்துல எழுதிக் கெடக்கு. இதுக்குப் பேரு யாரு எழுதினா? குளிரு தாங்காம இருமி இருமியே செத்துச்சாம். கடைசி மட்டும் ஆத்தாளத்தான் கேட்டுச்சாம்."

அன்றிலிருந்து துடைக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சுவர்ப்பக்கம் சில்லென்றிருந்தது. ஒரு நாள், துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பியவளின் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

சின்னப் பிள்ளையின் இருமல்.

ஹாலில் யாரும் இல்லை. பையனின் கண் மட்டும் சீமாட்டியை விட்டுவிட்டு, வாசலில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்த செல்வமேரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சீசன் முடிந்து, துரைசானி சீமைக்குப் புறப்படும் நாள் வந்தது. மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கிவிட்டது. வீட்டைப் பூட்டப் போகிறார்கள் என்பதால் ஜன்னல்களைச் சாத்தி, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். துரைசானி செல்வமேரியை அலங்கரித்துக் கூட்டி வந்தாள். சிவப்பு வெல்வெட் சட்டை. கழுத்தில் வெள்ளிப் பட்டை. கையில் பிளம்ஸ் பழத் தட்டைக் கொடுத்துப் படத்துக்குக் கீழே நிறுத்தி, "பிக்சர் மாதிரியே!" என்று கைதட்டினாள்.

கித்தேரி அந்தப் பட்டையின் பூட்டைப் பார்த்தாள். சமையல்கட்டுக்கு ஓடினாள்.

"அருளப்பண்ணே, எம்புள்ள எப்பத் திரும்பி வரும்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "திரும்பி வர டிக்கெட் எடுக்கலம்மா. நீ ரேகை வச்ச காயிதத்த நாந்தான் பெட்டியில வச்சேன். சர்வன்ட்டுனு மட்டும் போட்ருக்கு. புள்ள பேருகூட எழுதல."

கித்தேரி ஹாலுக்குள் வந்தபோது கண் தெரியாத இருட்டு. வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே அந்தச் சின்ன உருவம் நின்றது. தடவினாள். வெல்வெட் கை. கழுத்தில் பட்டை. கையைப் பற்றினாள்.

"வாடி, வெரசா. மூச்சுக் காட்டாத. பேசுனா புடிச்சுருவாங்க."

சின்னக் கை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

பின்வாசல் வழியாக ஓடினாள். பள்ளங்கி கிராமத்தில் தங்கை இருக்கிறாள். அங்கே போய்விட்டால் ஒளித்து வைத்துக்கொள்ளலாம். பள்ளங்கிப் பாதை முதலில் மோட்டார் ரோட்டுக்கு மேலாகக் கொஞ்ச தூரம் போகும். பனியில் தன் கால்களே அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் வருகிற பிள்ளை எங்கே தெரியப்போகிறது?

"எங்கண்ணு, ஆத்தா புத்தி கெட்டுப்போயி ரேகை வச்சுட்டேன். இனிமே ஒன்ன விடவே மாட்டேன். மாதா மேல சத்தியம்."

பதில் இல்லை. பேசாதே என்று அவள்தானே சொன்னாள். கை ஐஸாகக் குளிர்ந்தது. இந்தப் பனிக்கு யார் கைதான் குளிராது?

பின்னால் ஒரு இருமல்.

இன்னொன்று.

செல்வமேரிக்கு இருமலே கிடையாது.

கித்தேரி நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்போது ஒரு காற்று அடித்துப் பனி விலகியது. இருபதடிக்குக் கீழே, வளைவில் மெதுவாகக் கார் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் ஒரு முகம். வாய் கோணி அழுகிற முகம். இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள் செல்வமேரி.

கித்தேரியின் கைக்குள் இன்னும் ஒரு கை இருந்தது.

குதித்தால் ரோடு. காருக்கு முன்னால் விழுந்தாவது நிறுத்திவிடலாம். அவள் பாய்ந்தாள். பின்னாலிருந்து இழுத்த இழுப்பில் முழங்கால் பெயர விழுந்தாள். எழுந்து பாய்ந்தாள். மறுபடியும் அதே இழுப்பு.

"விடுடா ராசா... ஒன் காலுல விழுறேன். எம்புள்ள போகுதுடா. விடுடா..."

இருமல் நின்றது.

"அம்மா."

ஹாலுக்குள் ஓடிவரும்போது செல்வமேரி கூப்பிடுவாளே, அச்சு அசல் அதே கூப்பிடல்.

கீழே ஹாரன் சத்தம் ஒவ்வொரு வளைவாகத் தேய்ந்தது. பனி திரும்ப மூடியது. கித்தேரி தன் ஐந்து விரல்களையும் அகல விரித்தாள். கையை உதறினாள், பாறையில் அடித்தாள்.

அந்தக் கை விடவில்லை.