ஏழாவது கண்ணாடி

காலையில் முழுசாக இருந்த ஏழாவது கண்ணாடி மதியம் உடைந்திருந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு ஈரக் கையை உதறியபடி நடைவழிக்கு வந்தவள் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே மழை மூட்டம். நடைவழியில் நனைந்த சுண்ணாம்பு வாடையும், வௌவால் வாடையும், அவற்றுக்கு அடியில் இதுவரை அவள் முகர்ந்திராத, தூங்கி எழுந்தவரின் வாய் மாதிரி வெதுவெதுப்பான இன்னொரு வாடையும் கலந்து வந்தன.

பழைய கோர்ட்டுக் கட்டடத்தில் பன்னிரண்டு விரிசல்கள். மாவட்டத்து இன்ஜினியர் ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் விரல் அகலக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் காரை பூசி, தேதி எழுதிவிட்டுப் போயிருந்தார். அறுபது நாள் எதுவும் உடையவில்லை என்றால் சுவர் அசையவில்லை என்று அர்த்தம். கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிடும். ஒன்று உடைந்தாலும் இடிப்பதுதான். இன்று அறுபதாவது நாள். நாலு மணிக்கு இன்ஜினியர் வருகிறார். இப்போது மணி இரண்டரை.

ஊரில் அவளைச் சாவிக்காரம்மா என்பார்கள். பதினெட்டு வருஷமாகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அதற்குப் பதிலாக, நடைவழியின் கடைசியில் இருக்கும் ரெக்கார்டு ரூமில் அவளும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவும் குடியிருந்துகொள்ளலாம். இடித்துவிட்டால் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எங்கே போவது? அண்ணன் இருக்கிறான், பேருக்கு. போனையே எடுப்பதில்லை.

அதனால்தான் அந்தத் திருட்டு வேலை. இதே கண்ணாடி ஏற்கெனவே மூன்று தடவை உடைந்திருந்தது. மூன்று தடவையும் யாரிடமும் மூச்சு விடாமல் பெயர்த்து எறிந்துவிட்டு, படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வாங்கி வைத்திருந்த துண்டை ஒட்டி, இன்ஜினியரின் எழுத்திலேயே பழைய தேதியைப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் கோணலாகவே எழுதிய கைக்கு இது மட்டும் அச்சாக வந்தது. அவளுக்கே அதில் கொஞ்சம் வெட்கம்.

போன் அடித்தது. கட்டடக் குழுவின் செயலாளர், மருந்துக்கடைக்காரர். குழுவில் ஐந்து பேர். ஒருவர் கூட்டத்துக்கு வந்தால் தூங்குவார், இருவர் வரவே மாட்டார்கள், ஒருவர் போட்டோவுக்கு மட்டும் நிற்பார், மிச்சம் இவர்தான்.

"என்னம்மா, பன்னெண்டும் பத்திரமா இருக்கா?"

"இருக்குங்க."

"இன்னும் ஒன்றரை மணி நேரம். அவர் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் எந்தக் கொம்பனும் இதுல ஒரு கல்லை அசைக்க முடியாது."

போனை வைத்துவிட்டு, காரையைக் குழைத்து எடுத்துக்கொண்டு சுவர் முன் உட்கார்ந்தாள். பழைய சில்லைச் சுரண்டிப் போட்டாள். புதுத் துண்டை வைத்து, காரை இறுகும்வரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தாள். மழை விழத் தொடங்கியது. மழைக்கு நடுவே, யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி சுவருக்குள் ஒரு சத்தம் ஓடியது.

கட்டைவிரலுக்கு அடியில் கண்ணாடி உடைந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். ரத்தம். ஆனால் அவள் பார்த்தது ரத்தத்தை அல்ல. சுவர் பிளந்தால் கண்ணாடித் துண்டுகள் விலகி நிற்கும். இவை விலகவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் ஒரு நூல் அளவு ஏறின. அறுபது நாளைக்கு முன்னால் சுண்டுவிரல் நுழைந்த விரிசலில் இப்போது நகம் நுழையவில்லை. மூன்று தடவையும் அவள் சில்லைப் பெயர்த்தாளே தவிர ஒரு தடவையும் பார்க்கவில்லை. உடைந்தால் விரிகிறது என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

விரியவில்லை. மூடுகிறது.

இரண்டு கையிலும் வாளியோடு தாராளமாக நடக்கிற நடைவழி இது. இந்த வாரம் முழுக்க விரல் முட்டிகள் சுவரில் உரசிச் சிராய்த்திருந்தன. தன் கவனக்குறைவு என்று நினைத்திருந்தாள். காலையில் ரூம் கதவைத் தோளால் முட்டித்தான் திறந்தாள். மரம் மழைக்கு ஊதியிருக்கிறது என்று நினைத்திருந்தாள். அப்பா கேட்டார்: "கட்டிலை ஏம்மா தள்ளிப் போட்ட?" அவள் தள்ளவே இல்லை. வயசானவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருந்தாள்.

மருந்துக்கடைக்காரரை அழைத்தாள். "சார், ஏழாவது கண்ணாடி உடைஞ்சு போச்சுங்க. மூணு தடவை மாத்தி மாத்தி ஒட்டிட்டேன். சுவர் மூடுதுங்க சார். அப்பா உள்ள இருக்காரு. யாரையாவது கூட்டிட்டு வாங்க."

 அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மூடுனா நல்லதுதானம்மா. என்கிட்ட சொன்ன மாதிரி வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்ஜினியர் என் பக்கத்துலதான் இருக்காரு. கிளம்பிட்டோம்."

அவள் ஓடினாள்.

ரூம் கதவு நொறுங்கியிருந்தது. யாரும் உடைக்கவில்லை. நிலை நெருங்கி வந்ததில் பலகைகள் மடங்கிச் சிம்பு சிம்பாக வெளியே துருத்திக்கொண்டிருந்தன. வாசல் இருந்த இடத்தில் ஒரு சாண் இடைவெளி. உள்ளே கும்மிருட்டு.

"அப்பா!"

"வந்துட்டியாம்மா. ஜன்னலைச் சாத்திட்டியா? ஒண்ணுமே தெரியல."

அவள் சாத்தவில்லை.

கடப்பாரையை எடுத்து வந்தாள். இடைவெளியில் செருகி, உடம்பு முழுசையும் கொடுத்து நெம்பினாள். கல் அசையவில்லை. ஒரு கீறல் விழவில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்து மறுபடி இழுத்தால் கடப்பாரை வரவில்லை. சுவர் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கட்டடம் நிற்க வேண்டும், எப்படியாவது நிற்க வேண்டும் என்று அறுபது நாளும் வேண்டிக்கொண்ட தன் வாயை அவள் அப்போது வெறுத்தாள்.

"கட்டில் தானா நகருதும்மா." அப்பாவின் குரல் மிக அருகில் கேட்டது. முன்பு அது அறையின் அந்தக் கோடியிலிருந்து வரும். "காலு இடிக்குது."

"கையை நீட்டுப்பா. நல்ல கையை. இங்க, என் சத்தம் வர்ற பக்கம்."

இருட்டிலிருந்து இடது கை வந்தது. விரல்கள். உள்ளங்கை. மணிக்கட்டு. அவள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். சூடாக இருந்தது. இழுத்தாள். தடித்த சுவரின் உள்பக்கமே தோள் கல்லில் முட்டியது; மணிக்கட்டுக்கு மேல் வரவில்லை.

"வலிக்குதும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. ஆளுங்க வர்றாங்க."

முன்பக்கம் ஜீப் நின்றது. கதவுகள் அறையப்படும் ஓசை. செருப்புச் சத்தம். அவள் கத்தினாள். மறுபடி கத்தினாள். மழை.

பல்லைக் கடிக்கும் சத்தம். இப்போது ரொம்பப் பக்கத்தில்.

ஒரு சாண், நாலு விரல் ஆனது. மூன்று.

"விட்டுடாதம்மா."

"விடல."

இரண்டு.

முன் கூடத்தில் இன்ஜினியரின் குரல் கேட்டது. "பதினொண்ணு பாத்தாச்சு. ஒண்ணுகூட உடையல, ஆச்சரியமா இருக்கு. ஏழாவது எங்க?" மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். இருவரும் டார்ச்சோடு நடைவழிக்குள் ஒருக்களித்து வந்தார்கள்.

விரிசல் இல்லை. கதவு இல்லை. கடப்பாரை இல்லை. நேற்றுப் பூசியது மாதிரி வழவழவென்று வெள்ளைச் சுவர். அதன் முன்னால் மண்டியிட்டு, வாயைத் திறந்தபடி, சத்தமே வராமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சுவரிலிருந்து ஒரு கிழவரின் கை மணிக்கட்டு வரை நீண்டிருந்தது. அதன் ஐந்து விரல்களும் அவள் கையை இறுகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தன.