பலாக்கன்றடியில் ஈரம்

பங்குனி வெயிலில் கிணறே அடிதட்டிக் கிடக்க, ஒரு வாரமாக யாரும் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றாத பலாக்கன்றின் அடிமண் மட்டும் ஈரமாக இருந்தது. தங்கபாய் குனிந்து முகர்ந்தாள். மண்வாடை இல்லை. அவள் கைப்பிள்ளையின் வாயில் வீசுமே, அந்தப் பால் புளித்த வாடை.

நாற்பது நாளுக்கு முன் அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் நஞ்சுக்கொடியைப் புதைக்க இடம் கேட்டபோது, "பிலாவுக்க மூட்டுலயே வையி, பிள்ளையும் மரமும் சேந்து வளரட்டு" என்று சொன்னது தங்கபாய்தான். முழங்கால் உயரக் கன்று இப்போது இடுப்பைத் தொட்டு, எண்ணெய் தடவியது போல் மினுமினுத்தது. பிள்ளையோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தான். அவளுக்குப் பாலுக்குக் குறைவில்லை. அவனும் ஓயாமல் குடித்தான். குடித்ததெல்லாம் எங்கே போனதென்றுதான் தெரியவில்லை. திருவட்டாற்று வைத்தியரும் கையை விரித்துவிட்டார்.

மிஷன் பள்ளி வாத்தியாரான அவள் கணவன் ராஜையனுக்கு, கன்றுதான் பிள்ளையை உறிஞ்சுகிறது என்று அவள் சொல்வதைக் கேட்டாலே சிரிப்பு.

"ஏட்டி, வேரு மண்ணுல கெடக்க வெள்ளத்தையும் உப்பையும் உறிஞ்சும். குழியில வச்சது அதுக்கு உரமாச்சு. நீ சும்மா பேடிக்காத."

"அப்ப பிள்ள எதுக்கு வத்துது?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

உச்சிப்பொழுது. ஓலை அசையவில்லை, காக்காய் கரையவில்லை, உள்ளே தரையில் விரித்த பாயில் பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டும் சத்தம் மட்டும் முற்றம்வரை வந்தது. கூடவே, அதே தாளத்தில், அவள் காலடி மண்ணுக்குள்ளிருந்தும் ஒரு சத்தம். உறிஞ்சும் சத்தம். அவன் நிறுத்தினால் அதுவும் நின்றது.

மண்வெட்டியை எடுத்தாள். வெட்டினாள். தடித்த வேர்கள் அறுந்தன. கன்று சாய்ந்தது.

சத்தம் நின்றது.

"ஏசப்பா, காப்பாத்தீட்டீரே" என்று அழுதாள்.

பிறகுதான் குழியைப் பார்த்தாள். நஞ்சுக்கொடி இல்லை. தலைமயிரைவிட மெல்லிய வெள்ளை இழைகள், ஆயிரக்கணக்கில், கற்றையாக வீட்டுச் சுவரின் அடிக்குப் போயின. அவற்றை மண்வெட்டி தொடவே இல்லை.

ஓடினாள்.

பிள்ளை விழித்திருந்தான். அழவில்லை. வயிற்றில் சுற்றிய துணி நனைந்திருந்தது. அவிழ்த்தாள்.

தொப்புளுக்குள்ளிருந்து அதே வெள்ளை இழைகள். நுனியெல்லாம் செம்மண். குருடர் விரல்கள் போல அவை மெல்ல எதையோ துழாவின.

அவள் கண்ணீர் ஒரு சொட்டு அவன் வயிற்றில் விழுந்தது.

இழைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.